பல்லைப் பிடித்துப் பார்க்க முடியாத பண்டம்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஒரு பழமொழி உண்டு. அதன் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. சொல்லாமலே விளங்கும் என்று விட்டுவிட்டார்கள். காசு கொடுத்து வாங்குகிற மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பதே அந்த மறுபாதி. மணப்பாறை மாட்டுச் சந்தையில் அரைமணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இதன் பொருள் நன்றாகப் புரியும். வாங்க வந்தவர் மாட்டின் வாயைத் திறந்து இரண்டு பல்லா, நான்கு பல்லா, ஆறு பல்லா என்று எண்ணுகிறார். சுழி பார்க்கிறார். நாலடி நடக்கவிட்டுக் காலைப் பார்க்கிறார். அதற்கப்புறம்தான் தரகரின் துண்டுக்கடியில் விரல்கள் விலை பேசத் தொடங்குகின்றன. எழுத்து வாசனையே இல்லாத குடியானவர்கூட இந்த விஷயத்தில் ஏமாறுவது அபூர்வம். ஏமாந்தால் அடுத்த சந்தைக்குள் ஊர் முழுவதும் சிரித்துவிடும்.

பல் உள்ள பண்டத்தை வாங்குவதில் இவ்வளவு தெளிவாக இருக்கிற நாம், பல் இல்லாத பண்டங்களை வாங்கும்போது மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறோம்? அப்படிப்பட்ட பண்டங்களில் இன்று அதிகமாக விலைபோவது எதிர்காலம். பிள்ளையின் எதிர்காலம் என்று ஒரு பலகையில் எழுதி மாட்டிவிட்டால், அந்தக் கடையில் பேரம் பேசுவதே பாவம் என்று நினைக்கிற பெற்றோர்கள் நம்மிடம் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

மணப்பாறையிலிருந்து திருச்சி சுமார் நாற்பது கிலோமீட்டர். திண்டுக்கல் பாதையில் வரும் ரயிலைப் பிடித்துத் தினமும் திருச்சிக் கல்லூரிகளுக்குப் போய்த் திரும்பும் மாணவிகள் ஏராளம். அந்த மாணவிகள் திருச்சியில் இறங்கியதும் காண்கிற விளம்பரப் பலகைகளில் ஒன்று, விமானப் பணிப்பெண் வேலைக்கான நேர்முகத் தேர்வுப் பயிற்சி. நீலச் சீருடையும், கழுத்தில் ஒரு ஸ்கார்பும், உதட்டுச் சாயமும் கொண்ட ஒரு பெண் பலகையிலிருந்து புன்னகை செய்கிறாள். கட்டணம் மட்டும் பலகையில் இருப்பதில்லை. உள்ளே போனால்தான் சொல்வார்கள்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று அந்த உள்ளே போய்த் திரும்பியது. தாய் முறுக்குச் சுற்றுகிறவள். மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அந்தக் கௌரவத்துக்குப் பின்னால் அதிகாலையில் மாவைப் பிசைந்து, ஒரு தடவை பொரித்து ஆறவைத்து மறுதடவையும் பொரித்தெடுக்கிற பெண்களின் கைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட கைகள் அவளுடையவை. மகள் பட்டப்படிப்பை முடித்தவள். பயிற்சிக்குக் கேட்ட தொகை லட்ச ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இருவருமாக என்னிடம் யோசனை கேட்க வந்தார்கள்.

"கம்மலை வச்சா பாதி வரும் சார். மீதிக்கு மகளிர் குழுவிலே கேட்டுப் பார்க்கலாம். கட்டலாமா வேண்டாமான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள் தாய்.

எனக்குத் தெரிந்த தகவல்களைச் சொன்னேன். நம் நாட்டு விமான நிறுவனங்கள் இந்த வேலைக்குப் பொதுவாகக் கேட்பது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, வயது வரம்பு, குறிப்பிட்ட உயரம், உடல் தகுதி, ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசும் திறமை. சில நிறுவனங்கள் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்கின்றன. தனியார் பயிற்சி நிலையத்துச் சான்றிதழ் இந்தப் பட்டியலில் இல்லை. தீயை அணைப்பது, நீரில் இறங்கினால் தப்புவிப்பது, முதலுதவி, அபாயகரமான சரக்குகளை அடையாளம் காண்பது முதலிய உண்மையான பயிற்சிகளை, வேலைக்கு எடுத்த பிறகு விமான நிறுவனமே தன்னுடைய விமானத்துக்கு ஏற்றபடி, அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் ஒப்புக்கொண்ட திட்டத்தின்படி அளிக்கிறது. வேலைக்குச் சேர்ப்பதற்காக நாங்கள் யாரிடமும் பணம் வாங்குவதில்லை என்று பல நிறுவனங்கள் தங்கள் அறிவிப்புகளிலேயே எச்சரிக்கின்றன. ஆகவே இந்தப் பணத்தைக் கட்டியே தீரவேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை.

தாயின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. மகளின் முகத்தில் தெரியவில்லை. அவள் மரியாதையாகத்தான் பேசினாள். ஆனால் அவளுடைய கேள்வி என்னை நெடுநாள் விடவில்லை.

"டவுன் கான்வென்ட்டிலே படிச்ச பொண்ணுக்கு இதெல்லாம் வீட்டிலேயே கிடைச்சுடுது சார். அவ அப்பா அவகிட்ட இங்கிலீஷிலே பேசியிருப்பார். ஓட்டல்லே எப்படி உட்காரணும், பெரிய மனுஷங்க கேட்டா எப்படிப் பதில் சொல்லணும்னு அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. எனக்கு அதைக் காசு கொடுத்து வாங்கினால்தான் உண்டு. அதையும் வாங்காதேன்னா, நான் அதை எங்கே போய்க் கத்துக்கறது?"

விஷயம் இங்கேதான் கணக்கு வழக்கைத் தாண்டித் தர்ம விசாரமாகிவிடுகிறது. 'பயிற்சி அவசியமில்லை; இயல்பாக இருந்தால் போதும்' என்பது கேட்க அழகான உபதேசம். ஆனால் யாருடைய இயல்பு? பிறந்த வீட்டிலேயே ஆங்கிலமும் தைரியமும் கிடைத்தவளின் இயல்புக்குத் தேர்வு அறையில் மதிப்பெண் உண்டு. அடுப்படியில் தாய்க்கு உதவி செய்துவிட்டு ரயிலுக்கு ஓடியவளின் இயல்பைத் தயக்கம் என்றும், தன்னம்பிக்கைக் குறைவு என்றும் அதே அறையில் குறித்துக்கொள்வார்கள். ஒருத்திக்குச் சீதனமாக வந்த பொருளை மற்றொருத்தி விலைகொடுத்து வாங்கப் போனால், அவளைப் பார்த்து 'ஏமாளி' என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஸ்ரீரங்கத்துத் தேரோட்டத்தில் கூட்டத்தில் நின்றவர்கள் ஒரு வேடிக்கையைக் கவனித்திருப்பார்கள். முன்வரிசையில் ஒருவர் நன்றாகப் பார்க்க வேண்டுமென்று குதிகாலை எக்குவார். அவருக்குப் பின்னால் நிற்பவரும் எக்கியாக வேண்டும். ஐந்து நிமிஷத்தில் வீதி முழுவதும் எக்கி நிற்கும். எல்லாருக்கும் கால் வலிக்கும். ஒருவருக்கும் முன்பைவிட அதிகமாகத் தேர் தெரியாது. நேர்முகத் தேர்வுப் பயிற்சியும் இப்படிப்பட்டதே. ஒருத்தி படித்தால் அவளுக்கு லாபம். எல்லாரும் படித்துவிட்டால் வேலைகளின் எண்ணிக்கை கூடப் போவதில்லை. பயிற்சி நிலையத்தின் வருமானம்தான் கூடும். பொருளாதாரம் தெரிந்தவர்கள் இதைச் சொல்லிக் கட்டணத்தைக் கண்டிப்பார்கள். நியாயந்தான். ஆனாலும் 'எக்காதே' என்ற புத்திமதியை உயரமானவர்கள் குள்ளமானவர்களுக்குச் சொல்வது அவ்வளவு அழகாக இல்லை. பின்வரிசையில் நிற்கிற குள்ளமான பெண்ணுக்கு இருப்பது அந்தக் குதிகால் ஒன்றுதான்.

ஆகவே 'கட்டாதே' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நியாயமாகாது என்று எனக்குத் தோன்றியது. 'கட்டு' என்றும் சொல்ல மனம் வரவில்லை. அந்தத் தொகைக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பிரித்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பண்டத்துக்குப் பல் இல்லாவிட்டாலும், நடக்கவிட்டுப் பார்க்கலாம் அல்லவா?

பிரித்துப் பார்த்தால் அதில் இரண்டு வகைச் சரக்கு இருக்கிறது. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கையில் தங்குவது ஒரு வகை. தடங்கலில்லாத ஆங்கிலம், கொஞ்சம் இந்தி, நாலு பேர் நடுவில் குரலை எழுப்பிப் பேசும் பழக்கம், நீச்சல், முதலுதவி இவையெல்லாம் அப்படிப்பட்டவை. இவற்றைக் கற்ற பெண் ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் வங்கியிலும் ஓட்டலிலும் வேலை தேடலாம். வேலைக்கே போகாவிட்டாலும் தன் குழந்தையோடு பேசலாம். நாளைக்கு அவளுடைய மகளுக்கு இது சீதனமாகப் போய்ச் சேரும். தேர்வு நாளோடு செத்துப்போவது இரண்டாவது வகை. கொண்டை போடும் முறை, சாயம் பூசும் முறை, நடக்கும் முறை, 'ஏன் இந்த வேலைக்கு வந்தாய்' என்ற கேள்விக்கு மனப்பாடப் பதில், சட்டம் போட்டு மாட்டுகிற சான்றிதழ். காலையிலிருந்து நாற்பது பெண்கள் ஒரே மனப்பாடத்தை ஒப்பிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அதிகாரிக்கு, நாற்பத்தோராவது பெண்ணின் ஒப்பித்தலில் என்ன சுவை இருக்க முடியும்? துரதிர்ஷ்டம் என்னவென்றால், முதல் வகை நாள்பட வளர்வது; இரண்டாவது வகை வாரக் கணக்கில் விற்பதற்கு வசதியானது. வகுப்பில் இரண்டாவது வகைதான் அதிகம் இருக்கும்.

இந்த வேலையின் சாரம் என்னவென்று யோசித்தாலும் இதே பிரிவினைக்குத்தான் வந்து சேருகிறோம். 1930-ஆம் ஆண்டு மே 15-ஆம் தேதி அமெரிக்காவில் முதல் விமானப் பணிப்பெண்ணாக எல்லன் சர்ச் ஏறியபோது, அவருக்கு இருந்த தகுதி நர்ஸ் என்பது. அவரோடு முதலில் சேர்க்கப்பட்டவர்களும் நர்ஸுகளே. பயந்தவர்களைத் தேற்றுவதும், மயங்கியவர்களைக் கவனிப்பதும்தான் அந்த வேலையின் பிறப்பு. அலங்காரம் பின்னால் வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டது. அது எவ்வளவு தூரம் முன்னால் வந்தது என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. முதல் முறை கருவுற்றதும் வேலை போய்விடும் என்று ஏர் இந்தியாவில் ஒரு விதி இருந்தது. 1981-ல் நெர்கேஷ் மிர்ஸா வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்த விதியைச் செல்லாது என்று தள்ளியது. சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்ற விதியை அப்போது அதே கோர்ட் நிற்கவிட்டது. பெண்ணைப் பார்வைக்கு வைத்த பொம்மையாக நினைக்கும் வழக்கம் எத்தனை பிடிவாதமானது என்பதற்கு இந்தப் பாதி வெற்றியே உதாரணம்.

2024-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதி. அன்றுதான் திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவான கட்டடம். அதே நாளில் டோக்கியோ நகரின் ஹனேடா விமான நிலையத்தில் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல் படை விமானத்தின்மீது மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். எட்டு வாசல்களில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது. அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை. பணியாளர்கள் மெகாபோனிலும் வெறும் தொண்டையிலும் கத்தித்தான் ஜனங்களை வழிநடத்தினார்கள். மூட்டையை எடுக்காதீர்கள் என்ற ஒரு கட்டளைக்கு அத்தனை பேரும் கட்டுப்பட்டதில் எத்தனை உயிர்கள் அடங்கியிருந்தன! அந்த நேரத்தில் யாருடைய உதட்டுச் சாயத்தையும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. அதே ஆண்டு அக்டோபர் 11-ஆம் தேதி மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம், ஹைட்ராலிக் கோளாறினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம் மாவட்டங்களின் மேலேயே வட்டமிட்டுவிட்டுத் திருச்சியிலேயே பத்திரமாக இறங்கியது. உள்ளே 140-க்கு மேற்பட்டவர்கள். ஊரெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், உள்ளே இருந்தவர்களுக்கு வேண்டியிருந்தது என்ன? நடுங்காத ஒரு குரல். புரிகிற பாஷையில் ஒரு வார்த்தை. பயணிகளில் பலர் முதல் முறை கடல் தாண்டும் கூலித் தொழிலாளிகளாகவும் இருக்கக்கூடிய ஒரு தடத்தில், தமிழில் தேறுதல் சொல்லத் தெரிந்த மணப்பாறைப் பெண்ணுக்கு, பலகையில் புன்னகை செய்கிறவளைவிட அதிகத் தகுதி உண்டு என்பது என் அபிப்பிராயம். எந்த வகுப்பும் இதை அவளுக்குச் சொல்வதில்லை. அவளுடைய குறைகளைக் காட்டித்தான் பாடம் விற்கிறார்கள். அவளிடம் இருப்பதைக் காட்டினால் யார் பணம் கட்டுவார்கள்?

இந்த இடத்தில் விற்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாடம் சொல்லிக் கூலி வாங்குவது பாவமல்ல. நல்ல ஆசிரியருக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். ஆனால் 'கற்றுத் தருகிறேன்' என்பதற்கும் 'வாங்கித் தருகிறேன்' என்பதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டியதும் ஆசிரியர் தரகராகிவிடுகிறார். அதுவும் தம் கையில் இல்லாத மாட்டுக்குத் தரகு பேசுபவர். வேலை நிச்சயம், தேர்வு நிச்சயம் என்று பயிற்சி நிலையங்கள் பொய்யாக விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் விதிமுறை வெளியிட்டது. வேலையை நிச்சயமாக்கும் சக்தி விமான நிறுவனங்களுக்கே இல்லையே! கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றது. சீருடை போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களே ஒரு ராத்திரியில் வேலையில்லாதவர்களாக ஆன தொழில் இது. இதில் மூன்றாம் மனிதர் ஒருவர் 'நிச்சயம்' என்ற சொல்லை உச்சரித்தால், அந்தச் சொல்லுக்காகவே எழுந்து வந்துவிடலாம்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. இது யாருடைய பணம்? தாயின் கம்மலும், அவள் பெயரில் குழுவில் வாங்கப் போகும் கடனும். தாய் மகளுக்குக் கொடுப்பதில் கணக்குப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். கணக்குப் பார்க்காமல் கொடுக்கலாம். அப்படியானால் கொடுத்த பிறகும் கணக்குப் பார்க்கக் கூடாது. நம் வீடுகளில் நடப்பது வேறு. கொடுக்கும்போது அன்பாகக் கொடுத்தது, பெண் தோற்றுத் திரும்பி வந்தால் கடனாக மாறிவிடுகிறது. 'என் காது மூளியானது உன்னால்தானே' என்று வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், அந்த மூளிக் காதையே அவள் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்புறம் அந்தப் பெண்ணுக்குத் தன் விருப்பத்தைச் சொல்லும் வாய் அடைத்துவிடும். முதலில் வந்த வரனுக்குத் தலையாட்டுவாள். பிடிக்காத வேலையில் கிடந்து உழல்வாள். தோற்பதற்குச் சுதந்திரம் இல்லாதபடி ஒருவருக்குச் செய்கிற உதவி, உதவியாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே எவ்வளவு கட்டலாம் என்பதற்கு என்னிடம் உள்ள அளவுகோல் இது ஒன்றுதான்: போனால் போகட்டும் என்று மனமறிந்து சொல்லக்கூடிய தொகை எதுவோ, அதுவரை கட்டலாம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கட்டினாலும் அது பெண்ணின் கழுத்தில் கட்டுகிற கயிறு.

இதையெல்லாம் நான் அவர்களிடம் பிரசங்கமாகச் செய்யவில்லை. "முதலில் ஒரு தேர்வுக்குச் சும்மா போய் வரட்டும். அதற்குக் கட்டணம் இல்லை. எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வரட்டும். எந்தப் பல் இல்லையோ அந்தப் பல்லுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கலாம்" என்றேன். ஆதிதிராவிடர், பழங்குடியினர் இளைஞர்களுக்கு விமானத்துறைப் பயிற்சிக் கட்டணத்தைத் தாட்கோ நிறுவனமே ஏற்றுக்கொண்டு அறிவிப்புகள் வெளியிட்டிருப்பதையும், விவரம் கேட்கிற மற்ற பெற்றோருக்காக இங்கே சொல்லிவைக்கிறேன்.

அவள் சென்னைக்குப் போனாள். உயரம் அளந்தார்கள், தேறினாள். எடை பார்த்தார்கள், தேறினாள். ஒரு பத்தியை ஆங்கிலத்தில் வாசிக்கச் சொன்னார்கள். அதிலும் தட்டுத் தடுமாறித் தேறினாள். பத்துப் பேரை வட்டமாக உட்காரவைத்து விவாதிக்கச் சொன்னபோது அவளுக்கு வாய் திறக்கவில்லை. அங்கே நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்து தாயிடம் சொன்னாளாம்: "எனக்கு உயரம் இருக்கு, எடை சரியா இருக்கு, முகத்திலே ஒண்ணும் குறையில்லை அம்மா. பேச்சு ஒண்ணுதான் இல்லை." லட்ச ரூபாயில் முக்கால் பங்கு எந்தக் குறைகளுக்கு என்று வாங்க இருந்தார்களோ, அந்தக் குறைகள் அவளிடம் இல்லவே இல்லை என்பது ஒரு ரயில் டிக்கெட்டில் தெரிந்துபோயிற்று.

இப்போது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் மாலையில் ஆங்கிலம் கற்கிறாள். மாதம் ஒரு சிறு தொகை. அது தாயின் முறுக்குக் கூலியிலேயே அடங்குகிறது. அங்கே இன்னும் நான்கு பெண்கள் வருகிறார்கள். ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்து ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றி ஆங்கிலத்தில் சண்டை போட வேண்டும் என்பது ஆசிரியையின் உத்தரவு. அடுத்த தேர்வில் அவள் தேறுவாளா என்பது எனக்குத் தெரியாது. தேறினால் மகிழ்வேன். தேறாவிட்டாலும் சண்டை போடக் கற்றுக்கொண்டிருப்பாள். நம் பெண்களுக்கு அது எந்த உத்தியோகத்திலும், உத்தியோகம் இல்லாத வீட்டிலும்கூட, வேண்டியிருக்கிற படிப்புத்தான்.

ஒரு மனக்குறை மட்டும் எனக்குத் தீரவில்லை. அந்த ஆங்கிலத்தை அவளுக்குப் பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடமும், அப்புறம் கல்லூரியும் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் தினமும் விடியற்காலையில் எழுந்து ரயிலைப் பிடித்தாள். ஒருமுறை கொடுத்திருக்க வேண்டிய பொருளைக் கொடுக்காமல் விட்டுவிட்டு, அதையே மறுபடியும் ஒரு தாயின் கம்மலுக்கு விற்கிற கடைகள் பெருகுகிற ஊரில், வாங்கலாமா வேண்டாமா என்று தாயும் மகளும் இரவெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசிக்க வேண்டியவர்கள் அவர்கள் மட்டும்தானா?